மின்சாரம் திரும்பி வரும் வேளை

மூச்சாக உள்ளே வந்து, மூச்சாக வெளியே போய், இடைப்பட்ட கணத்தில் உயிர் என்று பெயர் பெற்று நிற்கும் தாயே, மட்டாஞ்சேரியின் இந்தச் சிறு தெருவில் வேப்பிலையும் மஞ்சளுமாக வீற்றிருக்கும் மாரியம்மையே, உன் திருவடியில் தலை வைத்து இதை எழுதத் தொடங்குகிறேன். இனிய சொல் தா என்று உன் முன் நின்று பலமுறை பாடியிருக்கிறேன். இன்று இனிமை வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதி முடிக்கும் திடம் மட்டும் தா.

அன்பு மகனுக்கு,

வியாழக்கிழமை நீ கைபேசியில் அனுப்பிய படம் கிடைத்தது. வைட்டிலாவில் நீயும் மீராவும் குடிபோயிருக்கும் புது வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரும் நான்கு பேட்டரிகளும் துடைத்து வைத்த பாத்திரங்களைப் போல இருக்கின்றன. மின்சாரம் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை என்றும், திரும்பி வந்த சில நிமிடங்களில் உள்வரும் பக்கத்து பிரேக்கர் தானாகத் துண்டித்துக்கொண்டு விழுந்துவிடுகிறது என்றும், இப்போது இருப்பது இருபத்தைந்து ஆம்பியர், மாட்டியவர்கள் திங்கட்கிழமை வந்து நாற்பது மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள், சரிதானா என்றும் கேட்டிருந்தாய். பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் அனுப்பினேன். துறைமுகப் பட்டறையில் முப்பத்தோரு ஆண்டுகள் மின்பணி செய்தவனுக்கு அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. படத்தைக் கண்ட கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் நான் வாய் திறவாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அதைத்தான் எழுத வந்திருக்கிறேன்; எழுதி இன்றே ஆள்கையில் கொடுத்தனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும் என்பதை அறிவேன். மலையாளத்தில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் ஓடிவிடுவாய். இதை நீ மெதுவாகத்தான் படிக்க வேண்டும்.

முதலில் உன் கேள்விக்கு விடை. நாற்பதைப் போட விடாதே. அந்த பிரேக்கர் விழுந்தால் விழட்டும். இன்றே மெயினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை வீட்டு வயரிங்கிலிருந்து பிரித்து, வீட்டை நேர் மின்சாரத்தில் ஓட விடு. மின்சாரம் போனால் போகட்டும். சில நாள் விசிறியில்லாமல் இருந்தால் ஒருவரும் சாகமாட்டார்கள்.

காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் கீழ்ப்படிகிறவன் இல்லை நீ. உன் இன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் ஐயாயிரம் வோல்ட்-ஆம்பியர் என்று இருக்கிறது. அதை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆம்பியர். வீடு முழு அளவில் இழுத்தால் வெளியே போவது அவ்வளவு. வெளியே போகும் வழிக்கு அதில் கால் பங்கு கூட்டிக்கொண்டு, ஆறு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் முப்பத்திரண்டு பிரேக்கரும் போடலாம். உள்ளே வரும் வழிக்கு இந்தக் கணக்கு போதாது. மின்சாரம் இருக்கும்போது வீட்டுக்கு வேண்டியதும் அந்த வழியாகவே வருகிறது. கூடவே, காலியான பேட்டரிகளை நிரப்ப இன்வெர்ட்டர் தனக்கென்று ஒரு பங்கு இழுக்கிறது. உன்னுடையதில் அது எட்டு ஆம்பியர் இருக்கலாம். இருபத்திரண்டும் எட்டும் முப்பது. கால் பங்கு கூட்டினால் முப்பத்தெட்டை ஒட்டி நிற்கும். ஆகவே நாற்பது என்று அவர்கள் சொல்வது எண்ணளவில் சரி. ஆனால் உன் சுவருக்குள் போயிருப்பது, படத்தில் தெரிவதுபோல, நான்கு சதுர மில்லிமீட்டர் வயர். குழாய்க்குள் காற்றில்லாமல் கிடக்கும் அந்த வயர் இருபத்தைந்துக்கு மேல் தாங்காது. நாற்பது வேண்டுமானால் பத்து சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்த பிறகே அதை மாட்ட வேண்டும். பிரேக்கர் காப்பது விசிறியையும் குளிர்பெட்டியையும் என்றுதான் வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். அது காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. தாங்காத வயருக்குமேல் பெரிய பிரேக்கரைப் போட்டால், வயர் உள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும், பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது.

பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே இதைக் கற்றேன். என் கீழ் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டில், உன் அம்மா படுத்திருந்த அறையின் சுவரில், இதே பிழையை நான் செய்தேன்.

நீ அப்போது பெங்களூரில் இருந்தாய். உன் அம்மாவின் நெஞ்சு எப்படி ஆயிற்று என்பது உனக்குத் தெரியும். மிளகும் சுக்கும் புடைக்கும் குடோனில் இருபத்தாறு ஆண்டுகள் அவள் சுவாசித்த தூசி அது. மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வாழவேண்டிய நாள் வந்தபோது, மின்சாரம் போனாலும் அது நிற்கக்கூடாது என்று பெரிய இன்வெர்ட்டர் வாங்கினோம். மாட்டித் தந்தவன் லத்தீப். நம் தெருமுனையில் கடை வைத்திருந்தவன், நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் சைக்கிள் விளக்கைச் சரிசெய்து தந்தவன், உன் அம்மா "என் ரெண்டாவது மகன்" என்று கடைத்தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன். இந்தப் பெயரைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைக்க உனக்குத் தோன்றும். தயவுசெய்து மடிக்காதே.

அவன் அன்று சுவரைத் தட்டிப் பார்த்தான், குழாயிலிருந்து வயர் நுனியை இழுத்துப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "அண்ணாச்சி, இது லைட் பாயிண்டுக்கு வலிச்ச பழைய வயராக்கும். ஒரு எம்எம்தான் இருக்கு. நடுவுல எங்கயோ ஒரு ஜாயிண்டும் உண்டு. இது போரா, பத்தாது. புதுசு வலிச்சு இழுக்கணும், பூஜை ரூம் சுவரு உடைக்கணும்."

பூஜையறைச் சுவர் என்றதும் நான் தடுத்தேன். அம்மன் கோயிலில் காப்புக் கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. என் வலக்கையில் மஞ்சள் நூல். நம் குடும்பத்தில் காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை ஊரைவிட்டுப் போவதில்லை, சுவரில் ஆணி அடிப்பதில்லை, வீட்டில் எதையும் இடிப்பதில்லை. இன்னும் பன்னிரண்டு நாள் பொறு, காப்பு அவிழ்த்த மறுநாள் உடைத்துக்கொள் என்றேன்.

"பன்னெண்டு நாளா? உங்க அம்மன் கோச்சுக்குமா அண்ணாச்சி, அக்காவுக்குப் பிராண வாயு குடுக்கறதுக்கு?" என்று அவன் சிரித்தான்.

கட்டிலிலிருந்து உன் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே, "அவரு சொன்னா அம்மனே கேட்டுக்கணும் லத்தீபே, நீ எம்மாத்திரம்," என்றாள். மூவரும் சிரித்தோம். அந்த அறையில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி.

லத்தீப் எனக்காக இறங்கி வந்தான். பழைய வயரிலேயே தற்காலிகமாக இணைப்புக் கொடுத்து, அதற்கு ஆறு ஆம்பியர் பிரேக்கரைப் போட்டான். போட்டுவிட்டு விரலை நீட்டிச் சொன்னான்: "ஆறுதான் இருக்கணும் அண்ணாச்சி. கரண்டு திரும்பி வரும்போது ட்ரிப் ஆகும். ஆகட்டும். பேட்டரி சார்ஜ் ஆகறதை நான் வந்து குறைச்சு வெச்சுத் தர்றேன். எனக்கு ஒரு ஃபோன் விளிச்சா போதும், அஞ்சு நிமிஷத்துல வருவேன். பெரிசு மட்டும் போட்டுராதீங்க." உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இவன் சொல்லித் தருகிறானே என்று சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் பிற்பகல்தோறும் இடியோடு மழை வந்தது. மழை வந்தால் மின்சாரம் போகும். போனபோது இன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்தது. திரும்பி வந்ததும், வீட்டுக்கு ஆறும் பேட்டரிக்கு ஆறுமாகப் பன்னிரண்டு ஆம்பியர் அந்த ஒற்றை வயரில் பாய, பிரேக்கர் விழுந்தது. அது விழுந்தால் வீட்டில் விளக்கு அணையாது. பேட்டரி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் மின்சாரம் இருக்கும், நம் வீடு மட்டும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். நாங்கள் அதை அறியமாட்டோம். முதல்முறை பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் அலறியபோதுதான் அறிந்தோம். உன் அம்மா மிரண்டுபோனாள். இரண்டாம் நாளும் அலறியது. "ஏங்க, பின்னையும் கத்துது," என்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். பயம் தெளிந்ததும் வழக்கமான கேலி வந்தது: "முப்பது வருஷம் கப்பலுக்கெல்லாம் கரண்டு குடுத்த ஆளு. பொண்டாட்டி மெஷினுக்குக் குடுக்க வழியில்ல."

கேலிதான். ஆனால் அது தைத்தது. லத்தீப்பை அழைத்திருந்தால் ஐந்து நிமிடம். அழைத்தால் அவன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டதாகும், சுவரை உடைக்க வேண்டும் என்று மீண்டும் தொடங்குவான் என்று நினைத்தேன். என் பழைய கருவிப்பெட்டியில் முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கர் ஒன்று கிடந்தது. பட்டறையில் ஒருவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பேன். காப்பு அவிழ இன்னும் ஒன்பது நாள்தானே, ஒன்பது நாளைக்குத் தாங்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மஞ்சள் நூல் கட்டிய கையாலேயே ஆறைக் கழற்றி முப்பத்திரண்டை மாட்டினேன். அன்று மாலை மின்சாரம் திரும்பி வந்தது, பிரேக்கர் விழவில்லை. "பாத்தியா," என்றேன். "பின்னே, யாரு புருஷன்," என்றாள்.

மகனே, அலறுவது நின்றால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பதுதான் நான் செய்த அறிவீனம். உள்ளே அந்தப் பழைய வயரும் அதன் நடுவில் துணிநாடா சுற்றிய இணைப்பும் நாள்தோறும் சில மணி நேரம் சூடேறிக் காய்ந்தன. வயரின் மேலுறை முதலில் இளகும், பிறகு கறுக்கும், பிறகு புகையும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பூஜையறையில் தினமும் சுவரை ஒட்டி உட்கார்ந்துதான் பதிகம் ஓதினேன். ஒருநாள் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. விளக்கின் சூடு என்று எண்ணிக்கொண்டேன்.

முப்பத்திரண்டை மாட்டிய ஆறாம் நாள் அம்மன் வீதியுலா. பகலெல்லாம் மின்சாரம் இல்லை. நான்கரை மணிக்கு அவளுக்குக் கஞ்சி கொடுத்து, அடுத்த வீட்டு ரோசியிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். போகிறபோது, "எனக்கும் சேத்துப் பாடுங்க," என்றாள். ஏறத்தாழ ஆறு மணிக்கு, தேர் கிளம்பும் நேரத்தில், பிள்ளையின் பிழை பொறுக்கத் தாயை வேண்டும் பாட்டை நான் எடுத்தபோது, தெரு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. "கரண்டு வந்நு!" என்று பிள்ளைகள் கூவினார்கள், கூட்டம் கைதட்டியது. நானும் மகிழ்ந்தேன். அம்மன் புறப்படும் நேரம் பார்த்து ஒளி வந்தது என்று கண்ணீர்கூட விட்டேன். அந்த நேரத்தில்தான், பகலெல்லாம் காலியான நான்கு பேட்டரிகளும் அந்த வயரில் இழுக்கத் தொடங்கின.

ரோசி புகை நாற்றம் கண்டு ஓடிவந்தபோது ஏழு மணி இருக்கும். தீ என்று பெரிதாக எழவில்லை. சுவருக்குள்ளேயே எரிந்து, பூஜையறைப் பக்கமாகவும் படுக்கையறைப் பக்கமாகவும் கறுப்புப் புகையைத் தள்ளியிருந்தது. ஆக்சிஜன் இயந்திரம் நிற்கவில்லை. இன்வெர்ட்டர் அதை நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இயந்திரம் அறையில் இருக்கும் காற்றை இழுத்துத்தான் வேலை செய்யும். அறையில் இருந்த காற்று எது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. எழுந்து கதவுவரை வர அவளால் முடிந்திருக்கிறது. தாழை நீக்க முடியவில்லை; ரோசிதான் ஆள் கூட்டிவந்து கதவை உடைத்து அவளை வெளியே எடுத்தாள்.

நீ விடியலில் வந்து சேர்ந்தாய். அவள் நான்காம் நாள் போனாள். இதுவரை உனக்குத் தெரிந்த கதைதான், அந்த முப்பத்திரண்டைத் தவிர.

இனி எழுதப்போவது எனக்கும் லத்தீப்புக்கும் மட்டுமே தெரிந்தது. அவளை மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் காலை, மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று உன்னிடம் சொல்லி வீட்டுக்கு வந்தேன். கருகிய சுவருக்கு முன்னே நின்றேன். முப்பத்திரண்டு அங்கே, ஒரு கீறலும் இல்லாமல், விழாமல், மேல் நோக்கி நின்றது. அதைக் கழற்றினேன். லத்தீப் போட்டிருந்த ஆறைத் தேடி எடுத்து அதே இடத்தில் மாட்டி, கீழே தள்ளி, விழுந்தது போல வைத்தேன். முப்பத்திரண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்து, காயலில் போட்டேன். பிறகு உன் சட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தேன். பார்வையிட வந்த அதிகாரி ஆறைப் பார்த்தார், பிரேக்கர் சரியாகத்தான் இருக்கிறது, உள்ளே இணைப்பு தளர்வாக இருந்திருக்கும், வயரிங் செய்தவன் கவனக்குறைவு என்று சொல்லிப் போனார். அவர் பார்த்ததை வைத்து அவர் சொன்னார். பார்க்கும்படி வைத்தவன் நான்.

அவள் போன அன்று லத்தீப் நம் வாசலுக்கு வந்தான். உனக்கு நினைவிருக்கும். அவன் சட்டையைப் பற்றி நீ உலுக்கினாய். "நீ வலிச்ச வயர்லதான்டா எங்கம்மா செத்தா! உன்ன மகன்னு சொன்னாளேடா!" தெருவே நின்று பார்த்தது. அவன் உன்னைப் பார்க்கவில்லை. உன் தோளுக்கு மேலாக, சுவரில் இருந்த அந்த ஆறைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதை நான் கண்டேன். ஆறு ஆம்பியர் இருந்த இடத்தில் வயர் கருக வழியில்லை என்பது அவனுக்குத் தெரியாதா? ஒரு சொல், ஒரே ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். என் கையில் இருந்த மஞ்சள் நூலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "படச்சோனுக்குத் தெரியும் மோனே," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். சட்டையில் கிழிந்த பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனான்.

அதன்பிறகு நம் தெருவில் அவனை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை. நீ அழைக்க விடவில்லை. நான்கு மாதத்தில் கடையை மூடிக்கொண்டு சுள்ளிக்கல்லுக்குப் போனான். மூன்று ஆண்டுகளாக நான் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் பாடுகிறேன். நம் பெரியோர் பாடிவைத்தவற்றில் பிழை பொறுக்க வேண்டும் பாடல்களே மிகுதி. எண்ணிறந்த பிழை, அறிந்தும் அறியாமலும் செய்த பிழை என்று உருகி உருகிப் பாடுவேன், கேட்பவர்கள் அழுவார்கள். மொத்தமாகப் பிழை என்று சொல்லிவிட்டால், எந்தப் பிழை என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்தப் பாடல்களின் நிழலில் ஒளிந்திருந்தேன். காப்பு நூலின் மறைவிலும் அப்படித்தான் ஒளிந்தேன். அம்மன் சுவரை உடைக்காதே என்று என்னிடம் சொல்லவில்லை. மூச்சுத் திணறுகிறவளுக்காக ஒரு சுவரை உடைத்தால் எந்தத் தாய் சினப்பாள்? லத்தீப் அன்று சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி அதுதான். பதிகம் ஒன்றும் ஓதாத அவனுக்குத் தெரிந்தது, நாள்தோறும் ஓதுகிற எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டில் நாளை விரதம் இருக்கும், நல்ல நாள் கெட்ட நாள் பார்ப்பீர்கள், மீராவின் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கும். அவற்றைக் கைவிடு என்று சொல்ல நான் வரவில்லை. செய்ய மனமில்லாத வேலைக்கு அவற்றைத் திரையாகப் பிடிக்காதே என்று மட்டும் சொல்கிறேன்.

உன் படத்தில் அதையே மறுபடி கண்டேன். அதே நான்கு பேட்டரி, அதே பிழை, மின்சாரம் திரும்பி வரும் அதே வேளை. அந்த மாடிப்படிக்கு மேலேயுள்ள அறையில்தான் தொட்டில் போடப்போவதாக மீரா சென்ற மாதம் காட்டினாள். நாற்பது வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் உன் வீடு பிழைத்திருக்கும், நானும் பிழைத்திருப்பேன். வியாழன் இரவெல்லாம் அதைத்தான் செய்ய நினைத்தேன். ஆனால் ஏன் என்று நீ கேட்பாய். அம்மாவுக்கு ஆனது இணைப்புத் தளர்ச்சியால்தானே, பிரேக்கரால் இல்லையே என்பாய். நான் உனக்குக் கற்பித்து வைத்திருக்கும் பொய்தான் உன்னை அந்த நாற்பதை மாட்டச் சொல்லும். ஆகவே நேற்றுக் காலை சுள்ளிக்கல்லுக்கு நடந்தேன்.

அவன் கடை இப்போது ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில், ஒரு கதவு அகலத்தில் இருக்கிறது. மிக்ஸி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடி நரைத்துவிட்டது. என்னைக் கண்டு எழவில்லை. ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"மூணு வருஷமா அண்ணாச்சி வழி தேடினீங்க? மட்டாஞ்சேரியிலிருந்து சுள்ளிக்கல்லுக்கு இத்தற தூரமா?"

நான் கைகூப்பினேன். கைகூப்புவதை அவன் பார்க்க விரும்பவில்லை. பக்கத்துக் கடையை நோக்கி, "ரெண்டு சாயா," என்று கத்தினான். சாயா வந்தது, குடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குத் தெரிந்ததையே அவனிடம் சொன்னேன், காயலில் போட்டதையும் சேர்த்து. அதை மட்டும் அவன் அறிந்திருக்கவில்லை. "காயல்லயா?" என்று கேட்டுவிட்டு, மிக்ஸியின் மூடியைத் திருகினான்.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? அம்மை போயி. அப்பனும் போயிருப்பான். மோனுக்கு அன்னைக்கு யாராவது ஒருத்தர் வேணுமே அண்ணாச்சி. நான் போனா போகட்டும்னு நெனச்சேன்." பிறகு, சட்டென்று குரல் மாறி, "ஆனா நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒரு மாசம் நெனச்சேன். பெருநாளைக்கு வருவீங்கன்னு நெனச்சேன். கடையப் பூட்டின அன்னைக்கும் தெருமுனையில நின்னு பார்த்தேன். உங்க வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு."

எழுந்து போகாமல் ஸ்டூலிலேயே இருந்தேன். அவன் தன் சாயாவைக் குடித்து முடித்தான், பிறகு என்னுடையதையும் எடுத்துக் குடித்தான். "ஆறிப்போச்சு," என்றான்.

உன் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். ஒரே நொடியில், "நாலு எம்எம்முக்கு நாப்பதா? இவனுக எல்லாம் எங்க படிச்சானுக?" என்று கத்தினான். வயரின் நீளம் என்ன, மீட்டரிலிருந்து மாடிப்படிவரை எத்தனை மீட்டர், நியூட்ரலைத் தனியாகக் கொண்டுபோயிருக்கிறார்களா, எர்த் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனான். நீ வந்து செய்து தருவாயா என்று கேட்டேன். கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தான்.

"நீங்க சொல்லி நான் வரமாட்டேன். மோன் விளிக்கட்டும். அவன் வாயால விளிச்சா, அந்த நிமிஷம் நான் வருவேன்."

மகனே, அவன் எண் உன்னிடம் இருக்கிறது. நீ அதைத் தடுத்து வைத்திருப்பதையும் அறிவேன். உனக்கு முன்னே இப்போது இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று என்னைப் பற்றியது. நீ என்னை இனி அப்பா என்று அழைப்பாயா, பிள்ளை பிறந்தால் என் மடியில் வைப்பாயா, என்னை அந்த வீட்டுப் படியேற விடுவாயா, அதையெல்லாம் நீ எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு தீர்மானி. தெருவுக்குச் சொல்ல வேண்டியதை நானே சொல்கிறேன். வரும் வெள்ளி பாட்டுக்கு முன்னே, கூட்டத்துக்கு நடுவே நின்று, லத்தீப் மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்று சொல்லப்போகிறேன். கோயிலார் இனி என்னைப் பாடவிடாமல் போனால் அதுவும் முறைதான்.

மற்றொன்று உன் வீட்டைப் பற்றியது. அதற்கு மாதங்கள் இல்லை, திங்கட்கிழமைவரைதான். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் அவனை அழை. கோபம் ஆறட்டும், அழுகை ஓயட்டும், அப்புறம் அழைக்கலாம் என்று தள்ளாதே. நான் தள்ளினேன், ஒன்பது நாள் என்று தள்ளினேன். அழைத்து என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், நாலு எம்எம் வயர், பிரேக்கர் விழுகிறது, வந்து பாருங்கள் என்று மட்டும் சொல். மன்னிப்பை அவன் எதிர்பார்க்கவில்லை. வேலையை எதிர்பார்ப்பான். அவன் சுவரை உடைக்கச் சொன்னால் உடை. புதுச் சுவர், புதுச் சாயம் என்று பார்க்காதே. அவன் கருவியை வைத்து அளந்து, உன் வீட்டில் எட்டு என்று நான் எழுதியது பத்து என்று சொன்னால் அவன் சொல்வதே சரி. நான் சொன்ன எண்ணை அவன் எண்ணுக்கு மேலே வைக்காதே. அவன் வேலை செய்யும்போது பக்கத்தில் நில். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல். உன் அம்மா அவனை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

தாயே, மாரியம்மையே, இந்த வரியை என் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நேரத்தில் அவன் நெஞ்சில் என்மேல் எழும் சினம் என்னோடு நிற்கட்டும், அவன் இல்லத்துக்குள் போகாதிருக்கட்டும். அவனும் மீராவும் அவர்கள் மடியில் வரப்போகும் உயிரும் நீண்ட மூச்சோடு வாழட்டும். அவர்கள் சுவர்கள் குளிர்ந்திருக்கட்டும். மின்சாரம் போகும்போதும் வரும்போதும் அந்த வீட்டில் அச்சம் இல்லாதிருக்கட்டும். கிழிந்த சட்டையோடு எங்கள் வாசலிலிருந்து போனவன் அந்த வாசலுக்குள் கருவிப்பையோடு நுழையட்டும், அவனை வரவேற்க என் மகன் எழுந்து நிற்கட்டும். இதைப் படிக்கும் எல்லா வீடுகளும், உள்ளிருக்கும் எல்லாரும், நலமாக இருங்கள்.

உன் அப்பா